பழைய 5 ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் பணமா? ஆன்லைன் ஏலத்தில் உண்மையான கட்டணம் எது, மோசடி எது?

டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டு வீட்டில் இருக்கிறதா? இருந்தால் ஆன்லைன் ஏலத்தில் லட்சக்கணக்கில் போகும் என்று சொல்லும் வீடியோ உங்கள் போனுக்கும் ஒரு முறையாவது வந்திருக்கும். வைஷ்ணோ தேவி நாணயம், 786 என்ற எண் வரும் நோட்டு என்று இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதைப் பார்த்துவிட்டு பீரோ லாக்கரையும் சாமி உண்டியலையும் கிளறிப் பார்த்தவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஆசையை ஊதிப் பெரிதாக்கியதில் எங்களைப் போன்ற செய்தித் தளங்களுக்கும் பங்கு உண்டு. இந்த நாணயம் இருந்தால் நீங்கள்தான் லட்சாதிபதி என்ற மாதிரி தலைப்புகளை யாரும் போடாமல் இல்லை. படிக்கிறார்கள், அதனால் போடுகிறார்கள்.

தேடிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நோட்டு கிடைத்த பிறகு, வீடியோவில் இருந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிய பிறகுதான் நஷ்டம் ஆரம்பிக்கிறது. முதலில் பதிவுக் கட்டணம் என்று ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு தொகை. அதைக் கட்டினால் ஜிஎஸ்டி. அதையும் கட்டினால் ஏலத்துக்கான அனுமதிச் சான்றிதழ், கூரியர் இன்சூரன்ஸ், வருமான வரி என்று வந்துகொண்டே இருக்கும். கட்டிய பணத்தை விட மனமில்லாமல் அடுத்ததையும் கட்டுவோம். கடைசியில் நோட்டு நம்மிடமே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும்.

இந்த மோசடி ஏன் எடுபடுகிறது? இதில் வரும் பெயர்கள் எல்லாமே நிஜமான பெயர்கள். ஆன்லைனில் பொருள் விற்றால் கமிஷன் உண்டு, அதற்கு ஜிஎஸ்டி உண்டு, வரிப் பிடித்தம் உண்டு, கூரியர் செலவு உண்டு. இதை நாம் எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கட்டணத்தை யார், எப்போது, எதிலிருந்து எடுப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் இவர்கள் கடை போடுகிறார்கள்.

உடைந்த லேசருக்கு 14.83 டாலர்

ஆன்லைன் ஏலம் என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வரும் பெயர் ஈபே. 1995-ல் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்ற மென்பொருள் பொறியாளர் 'ஆக்‌ஷன்வெப்' என்ற பெயரில் தொடங்கியது. அதில் முதலில் விற்றது ஒரு உடைந்த லேசர் பாயின்டர். 14.83 டாலருக்குப் போனது. அது உடைந்தது என்று வாங்குபவருக்குத் தெரியுமா என்று ஒமிட்யாரே கேட்டிருக்கிறார். தெரியும், உடைந்த லேசர்களைத்தான் சேர்க்கிறேன் என்று பதில் வந்திருக்கிறது. எந்தப் பொருளுக்கும் எங்கேயோ ஒரு ஆள் இருப்பார் என்ற நம்பிக்கைதான் இந்த வியாபாரத்தின் அடித்தளம். மோசடிக்காரர்கள் பிடித்துக்கொண்டதும் இதே நம்பிக்கையைத்தான்.

இந்தியாவிலும் ஈபே இருந்தது. பாஸி டாட் காம் என்ற இந்திய ஏலத் தளத்தை 2004-ல் சுமார் 5 கோடி டாலர் கொடுத்து வாங்கி, ஈபே இந்தியாவாக மாற்றினார்கள். 2017-ல் அந்த இந்தியப் பிரிவு ஃப்ளிப்கார்ட் கைக்குப் போனது. 2018 ஆகஸ்ட் 14-ம் தேதியோடு ஈபே டாட் இன் மூடப்பட்டது. இப்போது இந்தியாவில் இருப்பவர்கள் ஈபேயில் விற்பது என்றால், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஏற்றுமதி செய்வதாகத்தான் இருக்கும். ஆகவே, ஈபே இந்தியா ஏலத்தில் உங்கள் நோட்டை மும்பைக்காரர் ஒருவர் எடுத்திருக்கிறார் என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அப்படி ஒரு தளமே இப்போது இல்லை.

20 டாலருக்கு விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் ஒரு பழைய சினிமாப் பாட்டு எல்பி இசைத்தட்டு இருக்கிறது. ஈபேயின் அமெரிக்கத் தளத்தில் ஏலத்துக்கு விடுகிறீர்கள். 20 டாலருக்குப் போகிறது. அனுப்பும் செலவு 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் மொத்தம் 35 டாலர் கொடுக்கிறார்.

அந்தத் தளத்தில் கடைச் சந்தா எடுக்காத சாதாரண விற்பனையாளருக்கு, 2025 பிப்ரவரி மாற்றத்தின்படி பெரும்பாலான பிரிவுகளில் 13.6 சதவீதம் கட்டணம். அதோடு 10 டாலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாக 40 சென்ட். இங்கே கவனிக்க வேண்டியது, 13.6 சதவீதம் என்பது இசைத்தட்டின் 20 டாலருக்கு மட்டும் இல்லை. அனுப்பும் செலவையும் சேர்த்து 35 டாலருக்குப் போடுவார்கள். வாங்குபவர் கட்டும் விற்பனை வரியும்கூட அந்த மொத்தத்தில் சேரும். அதை விட்டுவிட்டே பார்த்தாலும் 4.76 டாலரும் 40 சென்ட்டும் சேர்த்து 5.16 டாலர். தபால் செலவு 15 டாலரையும் கழித்தால் உங்களுக்கு 14.84 டாலர் மிஞ்சும். அதாவது 20 டாலர் பொருளில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. நாடு கடந்த விற்பனைக்கான கூடுதல் கட்டணம், டாலரை ரூபாயாக மாற்றும்போது பணப் பரிமாற்ற நிறுவனம் எடுக்கும் கழிவு, அட்டைப்பெட்டி, பபிள் ராப் செலவு எதையும் இதில் சேர்க்கவில்லை.

இது நன்றாக விற்ற கதை. ஏலத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. நிறைய பேர் வருவார்கள் என்று நம்பி ஆரம்ப விலையை 1 டாலர் என்று வைக்கிறீர்கள். ஒரே ஒருவர்தான் வந்தார், 1 டாலருக்கே முடிந்துவிட்டது. தபாலோடு 16 டாலர் வருகிறது. கட்டணம் 2.58 டாலர், தபால் 15 டாலர். ஆக, இசைத்தட்டையும் கொடுத்து, உங்கள் பையிலிருந்து 1.58 டாலரும் போகிறது. ஏலம் முடிந்த பிறகு விலை பிடிக்கவில்லை என்று பின்வாங்கினால், கணக்கின் தரமதிப்பீடு அடிவாங்கும். ஏலத் தளத்தில் அனுபவம் உள்ளவர்கள் ஆரம்ப விலையை நிர்ணயிக்கும் முன் தபால் செலவை எடை போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

அமெரிக்காவுக்கு அனுப்புவதில் இப்போது இன்னொரு செலவும் சேர்ந்திருக்கிறது. 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு சுங்கவரி இல்லை என்று இருந்த சலுகையை அந்நாட்டு அரசு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நீக்கியது. அந்த நேரத்தில் இந்திய அஞ்சல் துறையே அமெரிக்க பார்சல்களை நிறுத்தி வைத்து, அக்டோபர் மத்தியில்தான் மீண்டும் வாங்க ஆரம்பித்தது. சின்னச் சின்னப் பொருளாக விற்பவர்களுக்கு இது கமிஷனை விடப் பெரிய அடி.

விற்காமலே கட்டணம் உண்டா?

உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஈபேயின் அமெரிக்கத் தளத்தில் மாதம் 250 பொருட்கள் வரை பட்டியலிட பெரும்பாலான பிரிவுகளில் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் பொருளுக்கு 35 சென்ட். இந்த விலைக்குக் கீழே போனால் விற்கமாட்டேன் என்று ரகசிய அடிவிலை வைத்தால் அதற்குத் தனிக் கட்டணம். பொருள் விற்கவில்லை என்றாலும் அது திரும்ப வராது. தேடலில் மேலே காட்டு என்று விளம்பரம் வாங்கினால் அதற்கும் காசு.

அப்படியானால் வாட்ஸ்அப்பில் வரும் 'பதிவுக் கட்டணம்' மட்டும் ஏன் மோசடி? வித்தியாசம் பணம் போகும் வழியில் இருக்கிறது. உண்மையான தளத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு இருக்கும். கட்டண விகிதம் எல்லோரும் பார்க்கும்படி ஒரு பக்கத்தில் எழுதியிருக்கும், நீங்கள் பட்டியலிடும் முன்பே அதைப் படிக்கலாம். பெரிய தொகையான கமிஷன், வாங்குபவர் கொடுத்த பணத்திலிருந்துதான் கழிக்கப்படும். மிச்சம் உங்களுக்கு வரும். எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்று வரி வரியாக ஸ்டேட்மென்ட் கிடைக்கும். யாரோ ஒருவருடைய யுபிஐ ஐடிக்கு முன்கூட்டியே பணம் போடச் சொல்லி எந்த ஏலத் தளமும் கேட்காது. 2 லட்சம் ரூபாய் உங்களுக்குக் கொடுக்கப் போகிறவர், அதில் 1,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 1,99,000 கொடுக்கலாமே. எங்கள் விதிமுறையில் இடமில்லை என்பார்கள். இந்த ஒரு கேள்விக்கு அவர்களிடம் வேறு பதில் இருக்காது.

இதே தந்திரத்தின் இன்னொரு வடிவம், பழைய பொருள் விற்கும் விளம்பரத் தளங்களில் நடக்கிறது. சோஃபாவை விற்கப் போடுகிறீர்கள். பேரமே பேசாமல் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்வார், பணம் வாங்க இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்று அனுப்புவார். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் அது பணம் கொடுப்பதுதான்.

ஈபேயிலேயே 5 லட்சம் என்று போட்டிருக்கே?

இந்தக் கேள்வி வரும். ஸ்கிரீன்ஷாட்டும் வரும். அது போலியாகக்கூட இருக்காது. ஆனால் அதில் தெரிவது விற்ற விலை இல்லை, கேட்ட விலை. என் பழைய சைக்கிளை 50 லட்சம் என்று நானும் பட்டியலிடலாம், தளம் தடுக்காது. பட்டியலிட காசும் ஆகாது. ஈபேயில் தேடும்போது, விற்று முடிந்த பொருட்களை மட்டும் காட்டும் ஒரு ஃபில்டர் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டு அதே நோட்டைத் தேடிப் பாருங்கள். லட்சங்கள் காணாமல் போகும். லட்சாதிபதி வீடியோ எடுப்பவர்கள் இந்த ஃபில்டரை மட்டும் தட்டிக் காட்டவே மாட்டார்கள்.

நாணயம் சேர்ப்பவர்கள் அதிக விலை கொடுப்பது அரிதான அச்சுப் பிழைக்கு, குறைவாக வெளியான ஆண்டுக்கு, புழக்கத்துக்கே வராத பளபளப்பான நிலைக்கு. தஞ்சைப் பெரிய கோயிலின் 1000-வது ஆண்டை ஒட்டி 2010-ல் வந்த 5 ரூபாய் நாணயமோ, 1995 உலகத் தமிழ் மாநாட்டின் திருவள்ளுவர் நாணயமோ நம் ஊரில் பலரிடம் இருக்கும். பார்க்க ஆசையாக இருக்கும், எடுத்து வைக்கலாம். ஆனால் கை மாறி மாறித் தேய்ந்த ஒன்றுக்கு யாரும் லட்சம் கொடுக்கப் போவதில்லை.

உண்மையிலேயே அரிய நாணயம் என்றால் அதற்கென்று ஏல நிறுவனங்கள் இருக்கின்றன, இணையத்திலும் ஏலம் நடத்துகிறார்கள். அங்கே கட்டணம் இரண்டு பக்கமும் இருக்கும். விற்பவரிடம் ஒரு கமிஷன். வாங்குபவரிடம், ஏலத்தில் முடிந்த விலைக்கு மேல் 'பிரீமியம்'. 10,000 ரூபாய்க்கு முடிந்த நாணயத்துக்கு 15 சதவீத பிரீமியம் என்றால் வாங்குபவர் வரிக்கு முன் 11,500 கொடுப்பார். விற்பவருக்கு 10,000-லிருந்து கமிஷன் போக மிச்சம். இங்கேயும் விற்ற பிறகுதான் கணக்குப் பார்ப்பார்கள்.

ரிசர்வ் வங்கி என்ன சொல்கிறது?

இந்த மோசடியில் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதமும் அடையாள அட்டையும் கட்டாயம் வரும். 2021 ஆகஸ்ட் 4-ம் தேதியே ரிசர்வ் வங்கி இதுபற்றி ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கும் விற்கும் வேலையில் வங்கி ஈடுபடுவதில்லை, இதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் சார்பில் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் நபருக்கும் அனுமதி தரவில்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே ஆர்பிஐ அனுமதிக் கட்டணம் என்ற ஒன்றே கிடையாது.

இன்னொரு சிக்கலையும் அந்த வீடியோக்கள் சொல்வதில்லை. இந்திய ரூபாய் நோட்டைத் தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு அந்நியச் செலாவணிச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம், சிலை, செப்புப் பாத்திரம் போன்றவை 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம், அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. கொள்ளுத்தாத்தா காலத்து காசு என்று பெருமையாக ஈபேயில் போட்டு அனுப்பினால், கமிஷன் கணக்கோடு முடியாது, வழக்கு வரைக்கும் போகலாம்.

ஏலமே வேண்டாம், விலை போட்டு விற்கிறேன் என்றால்?

இன்று இந்தியாவில் சாதாரண வியாபாரிகள் விற்பது பெரும்பாலும் ஏலத்தில் இல்லை. அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களில் விலை போட்டுத்தான். சுங்குடிச் சேலை, குழந்தைகள் பனியன், மண் சட்டி எதுவானாலும் இதே வழிதான். இங்கே இப்போது அதிகம் காதில் விழும் வார்த்தை 'ஜீரோ கமிஷன்'. மீஷோ 2021-லேயே இதை ஆரம்பித்தது. 2025 ஏப்ரலில் அமேசான் 300 ரூபாய்க்குக் கீழ் உள்ள ஏராளமான பொருட்களுக்கு கமிஷனை எடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஃப்ளிப்கார்ட் 1,000 ரூபாய்க்குக் கீழ் கமிஷன் இல்லை என்றது.

கமிஷன் இல்லை என்றால் கழிவே இல்லை என்று அர்த்தம் இல்லை. ஆர்டர் ஒன்றுக்கு நிலையான ஒரு தொகை, எடையும் தூரமும் பார்த்துப் போடும் அனுப்பும் கட்டணம், விளம்பரச் செலவு எல்லாம் தளத்துக்குத் தளம் வேறு பெயரில் இருக்கும். தளம் எடுக்கும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. 2,000 ரூபாய் சேலையில் 60 ரூபாய் நிலையான கட்டணம் போனால் 3 சதவீதம். அதே 60 ரூபாய் 200 ரூபாய் பனியனில் போனால் 30 சதவீதம். சின்னப் பொருளை விற்பவர்கள் கமிஷன் சதவீதத்தை விட இந்த ரூபாய்க் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ரிட்டர்ன். துணியில் அளவு சரியில்லை, கலர் வேறு என்று திரும்பி வருவது சகஜம். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமலே திருப்பி அனுப்புவதும் உண்டு. பொருளுக்கு 50 ரூபாய் லாபம் வைத்து 10 பனியன் விற்றீர்கள், 2 திரும்பி வந்தது, ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டில் கிடைத்த 400 ரூபாயில் 200 போய்விட்டது. திரும்பி வந்த பனியனில் கறை இருந்தால் அதுவும் போச்சு.

வரியைப் பார்த்து பயப்பட வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் ஜிஎஸ்டியில் 0.5 சதவீதம் டிசிஎஸ், 2024 அக்டோபர் முதல் வருமான வரியில் 0.1 சதவீதம் டிடிஎஸ் என்று தளமே பிடித்துக் கட்டும். இரண்டையும் பிறகு உங்கள் வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். பான் அல்லது ஆதார் கொடுத்திருக்கும் தனிநபர், அந்தத் தளம் வழியாக ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்குள் விற்றால் அந்த 0.1 சதவீதமும் பிடிக்கமாட்டார்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளர்களும் 2023 அக்டோபர் முதல் ஒரு பதிவு எண் மட்டும் வாங்கிக்கொண்டு, சொந்த மாநிலத்துக்குள் இப்படி விற்க வழி இருக்கிறது. மோசடிக்காரர் ஜிஎஸ்டி என்று ஆயிரக்கணக்கில் கேட்பதையும் இந்த 0.5, 0.1 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

'ஜீரோ' என்ற வார்த்தையோடு ஒரு வெளிநாட்டு உதாரணம். பிரிட்டனில் 2024 அக்டோபரில், சொந்தப் பொருளை விற்கும் தனிநபர்களுக்கு வாகனங்கள் தவிர மற்றவற்றில் விற்பனைக் கட்டணமே இல்லை என்று ஈபே அறிவித்தது. சில மாதத்திலேயே, 2025 பிப்ரவரியில், அப்படிப்பட்டவர்களிடம் வாங்குபவர்கள் 'பாதுகாப்புக் கட்டணம்' கட்ட வேண்டும் என்று வந்தது. விற்பவர் பக்கம் இருந்தது வாங்குபவர் பக்கம் போனது, அவ்வளவுதான். வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்றால் அவர் சொல்லும் விலை குறையும், கடைசியில் விற்பவர் கையிலும் குறையும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டால்?

முதலில், மேற்கொண்டு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். இதுவரை கட்டியதைத் திருப்பித் தர ஒரு கட்டணம் என்று சொல்வார்கள், அதுவும் அதே கதைதான். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. அழைக்கும்போது யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்க எண்ணைக் கையில் வைத்திருங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள். கோபத்தில் வாட்ஸ்அப் சாட்டை அழித்துவிட வேண்டாம். ஆதார், பான் போட்டோ அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பாவோ அம்மாவோ இதில் மாட்டியிருந்தால், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். திட்டுக்குப் பயந்து மறைக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் அந்தப் பணம் இன்னொரு கணக்குக்கு மாறிக்கொண்டிருக்கும்.